அக்காவுக்கென்று ஒரு செட்டிங்

அந்தத் தெருவில் அவருக்குப் பெயர் தொண்ணூற்றொன்பது. பெற்றோர் வைத்த பெயர் வேறொன்று இருக்கிறது. வங்கி அதை நம்புகிறது. வேறு யாரும் நம்புவதில்லை. வீடியோ எடிட்டிங் அவர் தொழில். யாராவது மாடியேறி வந்து "நம்ம வேலை முடிஞ்சுதா?" என்று கேட்டால், திரையில் ஊர்ந்துகொண்டிருக்கும் பச்சைக் கோட்டை ஒருமுறை பார்த்துவிட்டு, "தொண்ணூத்தொம்பது ஆயிடுச்சு" என்பார். அது பொய்யில்லை. வெட்டி ஒட்டிய துண்டுகளை ஒரே வீடியோவாகச் சேர்த்து வெளியே தள்ளுவதற்கு ரெண்டர் என்று பெயர். அவருடைய கம்ப்யூட்டர் அந்த வேலையைத் தொண்ணூற்றொன்பது சதவீதம் வரை பந்தயக் குதிரை போல இழுத்துக்கொண்டு போகும். கடைசி ஒரு சதவீதத்தில் நடுரோட்டில் எருமை படுப்பது போலப் படுத்துவிடும்.

பெயர் சூட்டியவர் கீழ்க்கடைச் சாவிக்காரர். நாள் முழுக்கக் கீச்சு கீச்சென்று மாற்றுச்சாவி வெட்டிக்கொண்டிருப்பவருக்கு வாய் மட்டும் சும்மா இருந்ததால் தெருவில் பாதிப் பேருக்கு அவர்தான் பெயர் வைத்திருக்கிறார். வேடிக்கை என்னவென்றால், இந்தப் பெயர் வீட்டிலும் பொருந்திப்போனது. குளியலறைச் சுவருக்குத் தானே ஓடு பதித்தவர், ஒரே ஒரு ஓட்டை மட்டும் பதிக்காமல் விட்டிருந்தார். அது கதவுக்குப் பின்னால் சுவரோடு சாய்ந்து நின்றது. ஜன்னல் கம்பிகளுக்கெல்லாம் வெள்ளை அடித்தார், ஓரத்துக் கம்பியைத் தவிர.

"ஒரு நாளைக்கு நூறு ஆக்கிடுங்களேன், எப்படி இருக்குன்னு பார்ப்போம்" என்பார் மனைவி.

"ஆக்கிட்டா அப்புறம் ஞாயித்துக்கிழமைக்கு வேலை?"

இப்படியொரு மனிதர் கவலையில் இளைத்திருக்க வேண்டும். அவரோ தலையணையில் தலை பட்டதும் தூங்கிவிடுவார். எல்லாவற்றையும் முடித்துவிட்டவர்கள்தான் அவரிடம் வந்து தூக்கம் வரவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

சாவிக்கடைக்கு மேலே, சுழல் இரும்புப் படி ஏறினால் அவர் அறை. வெளிச்சம் திரையில் விழுந்து நிறத்தைக் கெடுக்காமலிருக்க, ஒரே ஜன்னலையும் டிவி வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து அடைத்திருந்தார். இரண்டு திரைகளில் ஒன்று எல்லோரையும் லேசாகப் பச்சையாகக் காட்டும். அதை மாற்றுவதற்குப் பதில், மனதுக்குள் கொஞ்சம் சிவப்பைக் கூட்டிக்கொண்டு பார்க்கப் பழகியிருந்தார். மேசை மின்விசிறி அவருக்கில்லை, கம்ப்யூட்டருக்கு. அவர் வியர்க்கலாம், அது வியர்த்தால் நின்றுவிடும்.

பிறர் எடுத்த வீடியோ ஓடவில்லை என்றால் அவரிடம் கொண்டுவருவார்கள். ஏன் ஓடவில்லை என்று விளக்குவதற்கு ஒரு பேச்சு வைத்திருந்தார். ஃபைல் என்பது ஒரு பெட்டி. உள்ளே துணியை எப்படி மடித்து அடுக்கியிருக்கிறார்கள் என்பதுதான் கோடெக். புதிய போன்கள் இடம் மிச்சம் பிடிக்க ரொம்ப நுணுக்கமாக மடிக்கின்றன. பழைய டிவிக்கு அந்த மடிப்பைப் பிரிக்கத் தெரியாது, "ஆதரவில்லை" என்று எழுதிக் காட்டிவிட்டுக் கையைக் கட்டிக்கொள்ளும். இவ்வளவையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நான் ஃபைல் பேருக்குப் பின்னாடி இருக்கற மூணு எழுத்தை மாத்திப் பார்த்தேன் சார், அப்பவும் ஓடல" என்பார் வந்தவர். பெட்டியின் மேல் ஒட்டிய பெயரை மாற்றினால் உள்ளே மடிப்பு மாறாது என்று அவர் மறுபடி முதலிலிருந்து தொடங்குவார். அலுப்புத் தட்டியதில்லை. விளக்கம் சொல்வது அவருக்கு ஓய்வு.

பழுது பார்க்க அவரிடம் இருந்தது ஒரே வித்தை. பாதி பாதியாகப் பிரிப்பது. நீளமான ஒரு கல்யாண வீடியோ ரெண்டர் ஆகாமல் நடுவில் செத்துப்போனால், அதை இரண்டாக வெட்டி ஒவ்வொரு பாதியையும் தனியாக ஓட விடுவார். எந்தப் பாதி சாகிறதோ அதை மறுபடி இரண்டாக வெட்டுவார். இப்படியே போனால் கடைசியில் குற்றவாளி ஒரு சின்னத் துண்டுக்குள் மாட்டிக்கொள்வான். அநேகமாக யாராவது ஒரு சித்தப்பா தன் போனில் எடுத்துக் கொடுத்த துண்டாக இருக்கும். வீட்டில் சாவி தொலைந்தாலும் இதே முறைதான். "வீட்டைப் பாதியாப் பிரி" என்று அவர் தொடங்கினால், மனைவி பேசாமல் போய்ச் சாவியை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்.

இன்னொரு பழக்கமும் உண்டு. இளவயதில் அவர் மைக் செட்டுக்காரர். படத்துக்கு வந்தது பிற்பாடுதான். ஆகவே முடிந்த வீடியோவைக் கடைசியாகச் சரிபார்க்கும்போது நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு விடுவார். சத்தம் இரையாமல், திணறாமல், அறுபடாமல் வந்தால் வேலை சுத்தம். "படம் ஏமாத்தும், சத்தம் ஏமாத்தாது" என்பார். ஆயிரம் முகங்களைக் கையாண்ட மனிதர் அவற்றைக் காதால்தான் அறிந்திருந்தார் என்பது யாருக்கும் உறைக்கவில்லை. அவருக்கும் உறைக்கவில்லை.

இனி அவருடைய அக்கா. முப்பதுகளின் நடுவில் வந்த ஒரு காய்ச்சல் அக்காவின் இரண்டு காதுகளையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. பேச்சை விட்டுவைத்தது, ஆனால் குரலை ஏற்றி இறக்கும் திருகை மட்டும் கழற்றிக்கொண்டுவிட்டது. அக்கா ரகசியம் சொன்னால் எதிர்வீட்டுக்காரர்கள் மரியாதைக்காக ஜன்னலைச் சாத்துவார்கள். உதட்டைப் பார்த்தே பேச்சைப் படிக்க அக்கா தானாகக் கற்றுக்கொண்டார். டிவியில் செய்தி வாசிப்பவர் ஒரு வாத்தியார், பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த மகன் இன்னொரு வாத்தியார். சாப்பாட்டு மேசையில் எதிரே உட்கார்ந்துகொண்டு பையன் சத்தமே வராமல் வாயை மட்டும் அசைப்பான். அக்கா விழுந்து விழுந்து சிரிப்பார். மற்றவர்கள் தங்கள் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். தங்களைப் பற்றித்தான் என்பது தெரியும், என்ன என்பது தெரியாது.

அக்காவுக்கு வேலை ஒரு மருந்துக்கடைக் கவுண்டரில். காது கேட்காதவரைக் கொண்டுபோய்க் கவுண்டரிலா நிறுத்துவது என்று முதலாளியிடம் கேட்டவர்கள் உண்டு. "காது கேக்கறவங்களும் இருக்காங்க. ஒருத்தராவது வந்தவங்க மூஞ்சியப் பார்க்கறாங்களா?" என்பார் அவர். அக்கா பார்ப்பார், அவருக்கு வேறு வழியில்லை. வந்தவர்களுக்கு அது அக்கறையாகத் தெரிந்தது. தலைவலி மாத்திரைக்கு வந்தவர், தன் முகத்தை இவ்வளவு கவனமாகப் பார்க்கும் ஒரு ஜீவன் கிடைத்ததில் வயிற்றுக்கோளாறையும் பக்கத்துவீட்டுக்காரர் செய்த அநியாயத்தையும் சேர்த்துச் சொல்லிவிட்டுப் போவார். அந்தக் கவுண்டர்தான் அக்காவின் ராஜ்ஜியம்.

மகன் இப்போது சரக்குக் கப்பலில் வேலை செய்கிறான். நடுக்கடலிலிருந்து வீடியோ காலில் பேச முடியாது. படம் கட்டம் கட்டமாக உடையும். ஆகவே அறையில் உட்கார்ந்து போனில் பேசிப் பதிவு செய்து வைத்துக்கொண்டு, துறைமுகம் வந்ததும் அனுப்புவான். அக்கா அதைப் பெரிய டிவியில் போட்டு, முகத்தை முழுசாகப் பார்த்துப் படித்துக்கொள்வார். வருஷக்கணக்காக இது ஒழுங்காக நடந்தது. பிறகு அவன் புதுப் போன் வாங்கினான். மடிப்பு மாறிவிட்டது. டிவியில் படம் வரவில்லை, சத்தம் மட்டும் கணீரென்று வந்தது. காது கேட்காத ஒருவருக்கு, அவருக்கு உதவாத பாதியை மட்டும் பொறுக்கி எடுத்துக் கொடுத்தது அந்த டிவி.

"இதுக்கா கவலைப்படற? எங்கிட்ட விடுக்கா" என்றார் தம்பி.

விட்டார்கள். கப்பலிலிருந்து ஃபைல் இனி நேரே தம்பிக்கு வரும். தம்பி டிவிக்குப் புரிகிற மடிப்பாக மாற்றி அக்காவிடம் கொடுப்பார். வெறுமனே மாற்றிக் கொடுத்திருந்தால் கதையே இல்லை. பாசம் வந்துவிட்டது. கப்பல் ஆடுவதால் படமும் ஆடியது. அதைப் பட்டுப் போல வழுக்கிக்கொண்டு போகச் செய்தார். அறை இருட்டாக இருந்ததால் முகத்தில் புள்ளி புள்ளியாக இருந்தது, துடைத்தார். மேல்படுக்கையிலிருந்து எவனுடைய கால்களோ எப்போதும் தொங்கிக்கொண்டிருந்தன. ஓரத்தைக் கத்தரித்துக் கால்களை ஒழித்தார். அங்கங்கே மைக் சரியாக வேலை செய்யாமல் ஒலிக்கோடு ஏறக்குறையத் தட்டையாகக் கிடந்தது; அந்த இடங்களை வெட்டியெறிந்து, வெட்டு தெரியாமல் இரண்டு பக்கத்தையும் இழைத்து ஒட்டினார். பின்னணியில் மெல்லிசாக ஒரு வீணை இசையும் சேர்த்தார், பழக்கதோஷம். இவ்வளவையும் ஒரே சொடுக்கில் செய்துமுடிக்கிற மாதிரி ஒரு செட்டிங்காகச் சேமித்து, அதற்கு "அக்கா" என்று பெயரும் வைத்தார். அவர் நூறு சதவீதம் முடித்த காரியங்கள் அபூர்வம். அவற்றில் இது ஒன்று.

சில மாதங்கள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்தார். பாதிச் சாப்பாட்டில், தண்ணீர் கேட்பது போலச் சாதாரணமாகச் சொன்னார்:

"நான் இனிமே கவுண்டர்ல நிக்கல. பின்னாடி ஸ்டோர் ரூமுக்கு அனுப்பிடுங்கன்னு முதலாளிகிட்ட சொல்லிட்டேன். நாளைக்குக் காலையில முடிவாச் சொல்லுன்னார்."

"ஏன் அண்ணி, யாராவது எதாவது சொன்னாங்களா?" என்றார் தம்பி மனைவி.

"ஒருத்தரும் சொல்லல. எனக்கே தெரியுதே. வாயைப் படிக்கறது எனக்கு விட்டுப்போச்சு." அக்கா விரல்களைத் தட்டின் விளிம்பில் துடைத்தார். "பையன் பேசறது மாசக்கணக்கா எனக்குப் புரியவே இல்ல. உதடு மூடுதா திறக்குதான்னே தெரியல, வெண்ணெய் மாதிரி கரைஞ்சு ஓடுது. அவன் மெசேஜ்ல, 'பார்த்தியா, என்னம்மா சொல்ற?'ன்னு கேக்கறான். நான் சரி, சரின்னு பதில் போட்டுட்டு இருக்கேன். பெத்த பிள்ளை வாயே புரியாதவ, ஊர்க்காரங்க வாயைப் பார்த்து மாத்திரை எடுத்துக் கொடுக்கலாமா? ஒரு எழுத்து மாறினா ஆள் போயிடுவான்."

"கண் டாக்டரைப் பாருங்களேன்."

"பார்த்தாச்சு. கண்ணு நல்லா இருக்காம். சுவத்துல இருந்த எழுத்தெல்லாம் கடைசி வரி வரைக்கும் படிச்சேன். எழுத்து வாயை அசைக்காதே."

தம்பிக்கு முதலில் வந்தது வருத்தமில்லை, ரோஷம். "வீடியோல ஒரு குறையும் இல்லக்கா. ஒவ்வொண்ணையும் முழுசாப் பார்த்துதான் கொடுக்கறேன். சும்மா பட்டு மாதிரி இருக்கு."

"பார்த்தீங்களா, கேட்டீங்களா?" என்றார் மனைவி.

"ரெண்டும் ஒண்ணுதானே."

மனைவி அக்காவைப் பார்த்தார். அக்கா சிரிக்கவில்லை. "அவன் என்ன சொன்னான்னு உங்களைக் கேட்டா, 'நல்லா இருக்கானாம்'ங்கறீங்க. அவ்வளவு நேரம் வாயை ஆட்டறவன் அந்த ஒரு வார்த்தையையா சொல்லிட்டு இருக்கான்? நீங்க சொல்லித்தான் நான் தெரிஞ்சுக்கணும்னா, நான் எதுக்கு இதையெல்லாம் கத்துக்கிட்டேன்?"

அக்கா இல்லாத கவுண்டரைத் தம்பியால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் அக்கா. பெட்டிகளுக்கு உதடு கிடையாது. அந்தச் சங்கடத்தில் ஒரு பெரிய கவளத்தை வாயில் அடைத்துக்கொண்டு, அடர்ந்த மீசைக்குக் கீழே எதையோ முனகினார். சத்தமாக வந்தது ஒரு உறுமல் மட்டும்.

அக்கா தண்ணீர்ச் செம்பை நகர்த்தி வைத்தார். "உப்பு சரியாத்தான் இருக்கு, உனக்கு நாக்கு செத்துப்போச்சு" என்றார்.

"இவர் என்ன சொன்னார்னு எனக்கே புரியல. உங்களுக்கு எப்படி அண்ணி?" என்றார் மனைவி.

"தண்ணி கேட்டான், உப்பு கூடன்னான். இதுல என்ன இருக்கு?"

தம்பி மெல்லுவதை நிறுத்தினார். வாய் நிறையச் சோறு, மேலே மீசை, வந்தது அரைகுறைப் பேச்சு. அதை இரண்டு வாக்கியமாகப் பிரித்துப் படித்திருக்கிறார் அக்கா. அப்படியானால் அக்காவின் கண் இருக்கிற பாதி உயிரோடுதான் இருக்கிறது. செத்துக்கிடப்பது மறுபாதி, மகனின் வாய்க்கும் டிவித் திரைக்கும் நடுவில் எங்கேயோ. அந்த வழியை இன்னும் இரண்டாக வெட்டினால் ஒரு பக்கம் மகனின் போன், மறுபக்கம் அவரே. தட்டைத் தள்ளி வைத்தார்.

"அக்கா, எழுந்து வா. கடைக்குப் போகலாம்."

"சாப்பிட்டு முடிடா."

"தொண்ணூத்தொம்பது ஆயிடுச்சு, போதும்."

அந்த இரும்புப் படியில் அக்கா ஏறியது அதுதான் முதல் தடவை. அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஜன்னலை அடைச்சுட்டு உக்கார்ந்தா எவன் மூஞ்சி தெரியும்?" என்றார். தம்பி, கப்பலிலிருந்து கடைசியாக வந்த ஃபைலைக் கை வைக்காமல் அப்படியே திறந்தார். புதிய மடிப்பைப் பிரிப்பது பழைய கம்ப்யூட்டருக்கு மலையைப் புரட்டுவது போல. படம் விக்கி விக்கி ஓடியது. இருட்டு, புள்ளிகள், ஆட்டம், மேலே தொங்கும் கால்கள்.

"திக்கும்க்கா, மெஷினுக்கு வயசாச்சு. இதைப் பார்த்தா உனக்கு இன்னும் ஒண்ணுமே…"

அக்கா கையை உயர்த்தி அவரை அடக்கினார். நாற்காலியை இழுத்துத் திரைக்கு நேரே போட்டுக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் அவருடைய உதடுகளும் லேசாக அசையத் தொடங்கின, படிக்கும்போது அவருக்கு எப்போதும் வரும் பழக்கம்.

"முடி வெட்டறதுக்கு ஆள் இல்லையாம், தானே வெட்டிக்கிட்டானாம்" என்றார் அக்கா. "அதான் பின்னாடி எலி கடிச்ச மாதிரி இருக்கு." பிறகு, "அட, இந்தக் கால். ஆள் அங்கேயேதான் இருக்கானா? டிவியில காலைக் காணோம்னதும் ரூம் மாறிட்டான்னு நினைச்சேன்."

"நான்தான் வெட்டினேன்."

"காலையா?"

"பார்க்க அசிங்கமா இருந்துச்சு."

திரையில் மகன் பேச்சை நிறுத்தினான். மேலே அந்தக் கால்களை ஒரு பார்வை பார்த்தான். பிறகு போனுக்கு நெருக்கமாக முகத்தைக் கொண்டுவந்தான். ஸ்பீக்கரில் கப்பல் இயந்திரத்தின் மெல்லிய இரைச்சல் மட்டும் இருந்தது. தம்பி வழக்கம் போல வயரை ஆட்டிப் பார்க்கக் கையை நீட்டினார். "இந்த இடத்துலதான் மைக் போயிடும். எல்லா வீடியோலயும் இப்படி நாலஞ்சு இடம் வருது."

"மைக் எங்க போச்சு? அவன் பேசறான்."

"சத்தமே வரலையேக்கா."

"எனக்கு எப்ப வந்துச்சு?"

தம்பியின் கை வயரிலேயே நின்றது. சாப்பாட்டு மேசை ஞாபகத்துக்கு வந்தது, எதிரெதிரே இரண்டு வாய்கள், தட்டைப் பார்த்துக்கொண்டிருந்த மற்றவர்கள். அவர்களில் அவரும் ஒருவர். மேல்படுக்கையில் ஒருவன் படுத்திருக்கிற அறையில், அம்மாவிடம் மட்டும் சொல்ல வேண்டியதைப் பிள்ளை வேறெப்படிச் சொல்வான்? அதைத்தான் பழுது என்று நினைத்து மாதக்கணக்காக வெட்டி, வெட்டியது தெரியாமல் அழகாக ஒட்டியிருக்கிறார்.

அக்கா இதைக் கவனிக்கவில்லை. முகம் பிரகாசமாகி, வாய்விட்டுச் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். "அந்தக் காலுக்குச் சொந்தக்காரன் குறட்டை விடறானாம். கப்பல் சங்கு ஊதிட்டாங்கன்னு நினைச்சு இவன் எழுந்து ஓடியிருக்கான்." அதற்கப்புறம் மகன் இன்னும் எதையோ நீளமாகச் சொன்னான், சத்தமில்லாமல். அக்காவின் சிரிப்பு மெல்ல அடங்கி வேறொன்றாக மாறியது. கண்ணைத் துடைத்துக்கொண்டார். மறுபடி புன்னகை வந்தது.

"என்னக்கா சொல்றான்?"

"அது எனக்கு."

கொஞ்சம் பொறுத்துத் தம்பி, இரண்டு திரையிலும் ஒரே இடத்தை நிறுத்திவைத்தார். ஒன்றில் வந்தது வந்தபடி, மற்றதில் தன் கைவண்ணம். ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தினார். இடப்பக்கம் உதடு மூடியது, திறந்தது, மூடியது. வலப்பக்கம் அது மூடவே இல்லை. வழுக்கிக்கொண்டு போவதற்காகச் சாஃப்ட்வேர் அடுத்தடுத்த இரண்டு படங்களை ஒன்றாகக் கலந்திருந்தது. மூடிய வாய்க்கு மேலே திறந்த வாய், பேய் மாதிரி. எஞ்சியிருந்த விளிம்பையும் புள்ளி துடைக்கும் கருவி துடைத்துவிட்டிருந்தது. ஒரு நொடியின் சின்னத் துணுக்குக்குள் நடக்கிற காரியம். காதோடு பார்க்கிறவர்களுக்கு அது தெரியாது, சத்தம் வந்து குறையை நிரப்பிவிடும்.

"என் பிள்ளைக்கு ரெண்டு வாய் வெச்சிருக்கடா" என்றார் அக்கா, பக்கத்தில் குனிந்து பார்த்து. "ஒரு வாய்க்கே பதில் சொல்ல முடியல."

"மன்னிச்சுக்கோக்கா. அழகா இருக்கட்டும்னுதான்… பின்னாடி வீணை வேற போட்டிருந்தேன்."

"எதுக்குப் பின்னாடி?"

"வீடியோவுக்கு. மெலிசா, கேக்க இதமா இருக்கும்னு."

அக்கா அவரையே கொஞ்ச நேரம் பார்த்தார். "எனக்கா?"

"ஆமா."

அடுத்து வந்த சிரிப்பில் கீழே சாவி வெட்டுகிற மெஷின் நின்றது. சாவிக்காரர் வெட்டாத பித்தளைச் சாவி ஒன்றைப் பல்லில் கவ்வியபடி படியேறி வந்து வாசலில் எட்டிப் பார்த்தார். அக்காவைக் கண்டதும் தம்பியின் பக்கம் திரும்பி, சாவியை எடுக்காமலே பல்லிடுக்கில் முனகினார்: "அவங்களுக்குக் கேக்காதுல்ல? இந்தச் சிரிப்புல வந்த கஸ்டமர் ஓடிட்டான்யா."

"என் சிரிப்புல ஓடல" என்றார் அக்கா, தெருமுனை வரை கேட்கிற குரலில். "நீங்க போன வாரம் வெட்டிக் கொடுத்த சாவி எங்க வீட்டுப் பூட்டுல இன்னும் போகல. அந்தச் சேதி பரவியிருக்கும்."

சாவிக்காரர் பல்லிலிருந்து சாவியைக் கையில் எடுத்தார். பிறகு, "கொண்டு வாங்க, ராவிக் கொடுக்கறேன்" என்று தெளிவாக, மரியாதையாகச் சொல்லிவிட்டு இறங்கிப்போனார்.

தம்பி அக்காவைப் பார்த்தார். "பல்லுல சாவியைக் கடிச்சுட்டுப் பேசினது படிக்க முடியுது. மருந்துச் சீட்டை வெச்சுட்டுப் பேசறவங்களைப் படிக்க முடியாதா?"

அக்கா, திரையில் நின்றுபோயிருந்த மகனின் முகத்தை, எலி கடித்த முடியை, மேலே தொங்கிய கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மாசக்கணக்கா என்னையே சந்தேகப்பட்டுட்டு இருந்தேன்" என்றார், அவருக்கு முடிந்த மட்டும் மெதுவாக. "வந்தவங்களை எல்லாம் ரெண்டு தடவை சொல்லச் சொன்னேன். பாவம், அவங்களும் சொன்னாங்க."

தம்பி "அக்கா" என்ற செட்டிங்கை அழித்தார். இன்னொன்று செய்து அதற்கும் "அக்கா" என்றே பெயர் வைத்தார். இதில் கலப்பது கிடையாது, துடைப்பது கிடையாது, கத்தரிப்பதும் இழைப்பதும் கிடையாது. மடிப்பை மாற்றுவது மட்டும்தான். ஒருவகையில் அவர் வாழ்க்கையிலேயே மிகக் குறைவாக வேலை செய்த வேலை அது. பழைய ஃபைல்கள் எல்லாவற்றையும் வரிசையாகப் போட்டார். அழிக்காமல் வைத்திருந்தாரா என்று அக்கா கேட்டதற்கு, "நான் எதை முடிச்சு ஒழுங்கு பண்ணியிருக்கேன்?" என்றார். அந்தச் சோம்பல் அன்றைக்கு அவரைக் காப்பாற்றியது.

பச்சைக் கோடு ஓடியது. தொண்ணூற்றொன்பதில் படுத்துக்கொண்டது. இருவரும் அதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். மின்விசிறி கம்ப்யூட்டரின் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது. அக்கா அதைத் திருப்பித் தம்பியின் பக்கம் வைத்தார். கோடு எழுந்து நூறானது.

சரிபார்க்கும் நேரம் வந்ததும் தம்பி வழக்கம் போல நாற்காலியில் சாய்ந்தார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து ஸ்பீக்கரை அணைத்தார். இத்தனை வருஷத் தொழிலில் முதன்முறையாக, ஒரு வீடியோவைக் கண்ணைத் திறந்துகொண்டு, காதை மூடிக்கொண்டு பார்த்தார். மகனின் உதடு சுத்தமாக மூடியது, சுத்தமாகத் திறந்தது. ஒரு வார்த்தைகூட அவருக்குப் புரியவில்லை. வேலை நன்றாக வந்திருக்கிறது என்று மட்டும் தெரிந்தது.

பக்கத்தில் அக்கா தன் போனை எடுத்து, மகனுக்கு அனுப்பிய பழைய "சரி"களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். வீடியோவில் மகன் கேட்டதையும் தான் சம்மதித்ததையும் ஒன்றோடொன்று பொருத்திக்கொண்டிருந்தார் போலும். சில இடங்களில் தலையில் அடித்துக்கொண்டார். ஓரிடத்தில், "இதுக்கும் சரின்னா சொல்லியிருக்கேன்? சரி, சரிதான்" என்றார்.

"எதுக்கு?"

"உன்னைப் பத்தி இல்ல."

"நான் கேக்கவே இல்லையே."

"உன் மீசை கேட்டுச்சு."

திங்கட்கிழமை மதியம் வேலை ஏதும் இல்லாமலே தம்பி மருந்துக்கடைப் பக்கம் போனார். வெளியே நின்று பார்த்தார். அக்கா கவுண்டரில்தான் நின்றிருந்தார். முன்னால் ஒரு பெரியவர் கையை ஆட்டி ஆட்டி நீளமாக எதையோ சொல்லிக்கொண்டிருக்க, அக்கா அவர் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவரை எதையும் இரண்டாம் முறை சொல்லச் சொல்லவில்லை. உள்ளே முதலாளி தினசரிக்குப் பின்னால் நிம்மதியாக மறைந்திருந்தார்.

பெரியவர் போனதும் தம்பி கவுண்டருக்கு வந்தார். காலையிலிருந்து குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று பழகியதைக் காட்டிவிட ஆசை. சத்தமே வராமல், உதட்டை நன்றாக மடக்கி விரித்து, ஒரு முழு வாக்கியம் சொன்னார்.

அக்கா கூர்ந்து பார்த்தார். இன்னும் கொஞ்சம் கூர்ந்து பார்த்தார். பிறகு, கடையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கிற குரலில், "எந்தப் பல்லுடா, மேலயா கீழயா?" என்று கேட்டு, வலி மாத்திரை அட்டையை எடுத்து அவர் முன்னால் வைத்தார். வாயோரத்தில் சிரிப்பு இருந்தது. தான் சொன்னது புரிந்ததா இல்லையா என்பது தம்பிக்குத் தெரியவில்லை, கேட்கவும் இல்லை. மாத்திரையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

அன்று சாயங்காலம் அறை ஜன்னலில் இருந்த அட்டையை எடுத்துவிட்டார், ஒரு மூலையைத் தவிர. அந்தக் குளியலறை ஓடு இன்னும் கதவுக்குப் பின்னால்தான் இருக்கிறது.